குழந்தைக்கு வேண்டிய ஒரு முகம்



கிறிஸ்து பிறப்பை ஒட்டி வருகிற திருக்குடும்ப விழாவைத் திருஅவை முழுவதும் மகிழ்ச்சியோடு கொண்டாடுகிறது. ஆனால் கடலூர்க் கரையோர மக்களாகிய நமக்கு அந்த விழா வரும்போதெல்லாம் ஒரு நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் திருக்குடும்ப விழா. அந்த ஆண்டுக்குரிய நற்செய்தி வாசகம் மத்தேயு இரண்டாம் அதிகாரம். கனவில் எச்சரிக்கப்பட்ட யோசேப்பு இரவோடு இரவாக எழுந்து, பிள்ளையோடும் தாயோடும் எகிப்துக்குப் புறப்பட்ட பகுதி அது. ஆலயங்களில் அந்த வாசகம் ஒலித்த அதே காலையில்தான் தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் கிள்ளைப் பக்கத்துக் குப்பங்களிலும் பெற்றோர்கள் இடுப்பில் பிள்ளையோடு கடலுக்கு முதுகு காட்டி ஓடினார்கள். நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு குழந்தைகள் இல்லங்கள் திறக்கப்பட்டன. அரிசி வந்தது, துணி வந்தது, போர்வை வந்தது. உலகமே அனுப்பியது. ஆனால் பேசத் தெரியாத ஒரு பிஞ்சு, இரவில் விழித்து அழும்போது தேடியது அரிசியையா, போர்வையையா? அது ஒரு முகத்தைத் தேடியது. அந்த முகத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

அண்மையில் திருப்பலி முடிந்ததும் ஓர் இளந்தாய் எங்களிடம் வந்து நின்றார். முந்திரிப் பருப்பு உரிக்கும் வேலை அவருக்கு. பிள்ளைக்கு எட்டு மாதம். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாமி, பிள்ளைய ஆயாகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறேன். சாயந்திரம் நான் தூக்கினா, அது ஆயாவத்தான் திரும்பிப் பாக்குது. நான் பண்றது பாவமா? பிள்ளை என்ன மறந்துடுமா?"

சட்டென்று ஒரு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. நம் பங்கில் எத்தனையோ வீடுகளில் சொல்லப்படாமல் கிடக்கிற கேள்வி அது. எனவே அதற்கு ஒழுங்கான பதிலைத் தேடுவோம்.

கஞ்சியும் பாயும் போதுமா?

1945-ஆம் ஆண்டு ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர், இரண்டு இடங்களில் வளர்ந்த கைக்குழந்தைகளை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். சுத்தமான இடம், நல்ல பால், மருத்துவர் வருகை எல்லாம் உண்டு. ஆனால் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலி. தூக்கிக் கொஞ்ச நேரமில்லை. மற்றொன்று, பெண்கள் சிறையோடு சேர்ந்த காப்பகம். அங்கே கைதிகளான தாய்மார்களே தங்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

எந்தக் குழந்தைகள் நன்றாக வளர்ந்தன? சிறையில் வளர்ந்தவைதான். இல்லத்துக் குழந்தைகள் சிரிக்க மறந்தன, எடை குறைந்தன, நோய்க்கு எளிதில் இரையாயின. இரண்டு ஆண்டுகளில் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறந்துபோயின. சிறைக் காப்பகத்தில் ஒரு குழந்தையும் சாகவில்லை. வயிறு நிறைந்தும் வாடிப்போனார்கள் என்றால், வயிற்றைத் தவிர வேறொரு பசி குழந்தைக்கு உண்டு என்றுதானே பொருள்?

போரினால் வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951-ல் ஓர் அறிக்கை தந்தார். அதன் சாரம் எளிமையானது. பச்சிளம் பருவத்தில் ஒரு குழந்தைக்குத் தாயோடோ, தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் ஒருவரோடோ நெருக்கமான, அறுபடாத உறவு வேண்டும். சத்துணவு உடலுக்கு எப்படியோ, அப்படியே இந்த உறவு உள்ளத்துக்கு.

இதற்குப் பிறகும் உலகம் பாடம் கற்கவில்லை. 1989-ல் ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தது வெளியே தெரிந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் புக்கரெஸ்ட் நகரில் ஆய்வாளர்கள் 136 சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் பேச்சிலும் அறிவிலும் பிறரோடு பழகுவதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். எல்லாம் முடிந்துபோயிற்று என்று எந்தக் குழந்தையைப் பற்றியும் சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்கவும் முடியாது. அந்த ஆய்வு நமக்குத் தரும் பாடம் இதுதான்.

இங்கே நாம் நம்மையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட பிள்ளைகளைத் திருஅவை தொன்றுதொட்டு ஏந்தி வந்திருக்கிறது. தங்கள் வாழ்வையே அதற்குக் கொடுத்த அருள்சகோதரிகளை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் நாமும் நெடுங்காலம் கஞ்சியையும் பாயையும் பள்ளிக்கூட மதிப்பெண்ணையும்தான் எண்ணிப் பார்த்தோம். "இந்தக் குழந்தை யாருடைய குரலைக் கேட்டால் திரும்பிப் பார்க்கும்?" என்று கேட்கத் தவறிய நாள்கள் உண்டு. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

நம் மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் கடலூரில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 900-க்கும் குறைவான பெண் குழந்தைகளே இருந்தார்கள். அந்த ஆண்டே திட்டம் நம் மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. தொட்டில் உயிரைக் காக்கும்; அது பெரிய காரியம். ஆனால் தொட்டில் பேசாது. தொட்டிலிலிருந்து அந்தக் குழந்தையைத் தூக்க ஒரு கை வேண்டும்; நாளைக்கும் அதே கை வேண்டும். முறைப்படி பதிவு செய்து தத்தெடுக்கும் தம்பதியர் செய்வது அதைத்தான். அவர்கள் செய்வது இரக்கச் செயல் மட்டுமல்ல. ஒரு குழந்தையின் உள்ளத்தையும் மூளையையும் உருவாக்கும் செயல்.

கொஞ்சல் என்பது வீண் பொழுதல்ல

மூளையை உருவாக்குவதா என்று சிலர் வியக்கலாம். பிறக்கும்போது குழந்தையின் மூளை, பெரியவர்களின் மூளை எடையில் ஏறக்குறைய கால் பங்குதான். இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. அந்தக் காலத்தில் மூளையின் நரம்பணுக்களுக்கிடையே இணைப்புகள் வெகு வேகமாக உருவாகின்றன. எவை பயன்படுகின்றனவோ அவை வலுப்படும். பயன்படாதவை மெல்ல உதிரும். அவற்றைப் பயன்படுத்தவைப்பது எது? நாம் வீண் பொழுது என்று நினைக்கிற கொஞ்சல்தான்.

குழந்தை "ங்கா" என்கிறது. பாட்டி "என்னடி தங்கம், பசிக்குதா?" என்கிறாள். குழந்தை காலை உதைத்து மறுபடி "ங்கா" என்கிறது. இது ஓர் உரையாடல். ஒருவர் பேச, மற்றவர் மறுமொழி சொல்ல, முன்னவர் காத்திருந்து மீண்டும் பேச, இப்படித்தான் ஒரு மனிதன் மனிதனாகிறான். 1970-களில் எட்வர்டு டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்த தாயை, சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இன்றி இருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கை நீட்டியது, குரல் கொடுத்தது. தாயின் முகம் அசையவில்லை. கடைசியில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கியது. தாய் அங்கேயேதான் இருந்தாள். ஆனால் குழந்தைக்கு அவள் இல்லாதவளானாள்.

இன்று நம் வீடுகளில் அந்தச் சோதனையை நாமே நாள்தோறும் செய்துகொண்டிருக்கவில்லையா? மடியில் பிள்ளை, கையில் செல்போன். கண் பிள்ளையிடம் இல்லை. சோறூட்டும்போது பிள்ளையின் கையிலும் ஒரு செல்போன். ஒரு வயது வரையிலும், அதற்கடுத்த ஆண்டிலும் குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. திரை பேசும், ஆனால் பிள்ளை பேசினால் மறுமொழி சொல்லாது. குறை அங்கேதான்.

நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். பிள்ளைத்தமிழ் என்றொரு இலக்கிய வகை நம் மொழியில் உண்டு. ஐந்தாம் மாத அளவில் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாத அளவில் கை கொட்டுவது சப்பாணி. ஓராண்டை ஒட்டித் தளர்நடையிட்டு வருவது வாரானை. பின்னர் நிலவைக் கூப்பிடும் அம்புலி. மாதக்கணக்கு வைத்துப் பிள்ளையின் வளர்ச்சியைக் கவனித்த மக்கள் நாம். அந்தப் பருவங்களைக் கூர்ந்து பாருங்கள். எதிரே ஒருவர் இல்லாமல் நடப்பது ஒன்றும் இல்லை. கை கொட்டச் சொல்ல ஒருவர் வேண்டும். "வா" என்று கை நீட்ட ஒருவர் வேண்டும்.

ஓசேயா இறைவாக்கினர் கடவுளை இப்படித்தான் நமக்குக் காட்டுகிறார். பதினோராம் அதிகாரத்தை வீட்டில் திறந்து வாசித்துப் பாருங்கள். தம் மக்களுக்கு நடை பழக்கி, கையில் ஏந்தி, குனிந்து உணவூட்டும் கடவுள் அங்கே இருக்கிறார். அண்ட சராசரங்களைப் படைத்தவர் ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிகிறார். குழந்தையோடு பேசக் குனிகிற எவரும் அந்தக் கடவுளின் சாயலில்தான் குனிகிறார்.

"அழுதவுடனே தூக்கினால் பிள்ளை கெட்டுப்போகும்" என்று சிலர் சொல்வதுண்டு. முதல் ஆண்டில் அப்படி அஞ்ச வேண்டியதில்லை. கைக்குழந்தைக்கு அழுகையைத் தவிர வேறு மொழி இல்லை. அழைத்தால் யாராவது வருவார்கள் என்று அறிந்த பிள்ளைதான் பின்னாளில் அச்சமின்றித் தனியே ஊர்ந்து போகும். ஒன்றரை வயதுக்கு மேல் அடம் வரும், தரையில் புரளும். அதுவும் வளர்ச்சிதான். எல்லை வகுக்க வேண்டும். ஆனால் அடிக்கிற கையையே பிள்ளை அடைக்கலமாகவும் தேட வேண்டியிருந்தால், அது எங்கே போகும்?

தாய் மட்டும்தானா?

இப்போது அந்த இளந்தாயின் கேள்விக்கு வருவோம்.

மேரி எயின்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் 1954-ல் ஆப்பிரிக்காவின் உகாண்டாவுக்குப் போனார். கிராமத்து வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, தாயையும் பிள்ளையையும் அமைதியாகக் கவனித்தார். அந்தத் தாய்மார்களில் பலர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் தாயை நிலைக்களமாகக் கொண்டு சற்றுத் தூரம் ஊர்ந்து போய், திரும்பிப் பார்த்து, மீண்டும் வந்து தொட்டுவிட்டுப் போவதை அவர் கண்டார். தாயோடு மட்டுமன்றி, தங்களைப் பாசத்தோடு கவனித்த வேறு சிலரோடும் பிள்ளைகள் நெருக்கம் கொண்டிருந்ததையும் கண்டார். பின்னர் அமெரிக்காவில் செய்த ஆய்விலும் அவர் வலியுறுத்தியது இதையே: பிள்ளையின் குறிப்பை அறிந்து, தவறாமல் மறுமொழி தருவதுதான் முதன்மையானது.

எனவே அந்த மகளுக்கு நாங்கள் சொன்னது இது: "பயப்படாதம்மா. உன் பிள்ளை உன்னை மறக்கவில்லை. ஆயாவைத் திரும்பிப் பார்க்கிறது என்றால், அன்பு வைக்கக் கற்றுக்கொண்டது என்று பொருள். ஒருவரிடம் அன்பு வைக்கக் கற்ற பிள்ளைக்கு இன்னொருவரிடமும் அன்பு வைக்கத் தெரியும். நீ வேலைக்குப் போவது பாவமல்ல. வந்தவுடன் கையைக் கழுவிவிட்டு, வேறு எதையும் தொடாமல் பிள்ளையைத் தூக்கு. அந்த நேரம் அதற்கே உரியதாக இருக்கட்டும். ஆயாவை மாற்றாதே, இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று பிள்ளை கை மாறக் கூடாது. பிள்ளைக்கு வேண்டியது மாறாத முகம்."

விவிலியத்திலும் இதற்குச் சான்று உண்டு. மோசே இரண்டு பெண்களால் வளர்க்கப்பட்டார். பெற்ற தாய் பாலூட்டி வளர்த்தார்; பார்வோனின் மகள் தன் மகனாக ஏற்றார். நம் ஆண்டவரோ, இரத்த உறவால் தந்தையல்லாத ஒரு தச்சரின் கையைப் பிடித்து நடை பழகினார். இயேசு ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்து வந்தார் என்று லூக்கா எழுதும்போது, அந்த வளர்ச்சிக்குப் பின்னால் மரியாவும் யோசேப்பும் இருக்கிறார்கள். கடவுளின் மகனுக்கே அந்தக் கைகள் தேவைப்பட்டன.

நம் மண்ணில் இந்த உண்மையை உணர்ந்தவர் வீரமாமுனிவர். விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர் அவர். அங்கே நம் ஊர்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தி, கையில் மகனை ஏந்தி அன்னை நிற்கிறார். திருயாத்திரை போகும்போது அந்தக் கையைச் சற்று நின்று பாருங்கள். அதே முனிவர் தம் பெருங்காப்பியமான தேம்பாவணிக்கு யாரைத் தலைவராகக் கொண்டார்? வளன் என்று அவர் பெயரிட்ட புனித யோசேப்பை. ஒரு வளர்ப்புத் தந்தை தமிழ்க் காப்பியத்தின் தலைவரானார்.

நாகப்பட்டினத்தில் ஆழிப்பேரலைக்குப் பின் ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஜெ. ராதாகிருஷ்ணன் அவர்களை நாம் அறிவோம். அங்கிருந்த இல்லத்துப் பிள்ளைகளைப் பார்க்க, பணி மாறிப் போன பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். அங்கே வளர்ந்த பெண் திருமணம் செய்துகொண்டபோது தந்தை இடத்தில் நின்றார். பிள்ளைகளுக்கு அவர் தந்த பெரிய கொடை, அவர் மீண்டும் மீண்டும் வந்ததுதான்.

தூக்குகிறவரை யார் தாங்குவது?

அன்பார்ந்தவர்களே, பிள்ளைக்கு முகம் கொடுக்கச் சொல்வது எளிது. களைத்துப்போன தாயால் அது முடியுமா? பிரசவமான சில வாரங்களில் காரணமின்றி அழுகிற, பிள்ளையைத் தொடவே மனமில்லாத தாய்மார்கள் நம்மிடையே உண்டு. அதைத் திமிர் என்றும் காற்றுக் கருப்பு என்றும் சொல்லாதீர்கள். அது நோய், மருத்துவத்தால் குணமாகும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போங்கள். ஜெபியுங்கள், மருந்தும் கொடுங்கள்.

சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் உழைக்கப் போன தந்தையர்களே, பிள்ளை உங்களைச் செல்போனில்தான் பார்க்கிறது. குறித்த நேரத்தில் தவறாமல் பேசுங்கள். மனைவியிடம் கணக்குக் கேட்பதற்கு முன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஊரிலேயே இருக்கிற தந்தையர்களே, குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் பெண்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். யோசேப்பு ஒதுங்கவில்லை.

சட்டமும் இதைக் கொஞ்சம் நினைத்திருக்கிறது. 2017 முதல் சம்பளத்தோடு 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு; ஆனால் வீட்டுத் திண்ணையில் முந்திரி உடைப்பவருக்கும் கரும்பு வெட்டுபவருக்கும் மீன் கூடை சுமப்பவருக்கும் அது எட்டவில்லை. நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்தபோதே, வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். பிள்ளை பார்ப்பதும் கூலிக்குரிய உழைப்பே என்று ஏற்றுக்கொண்ட வரி அது. அங்கன்வாடிப் பணியாளர்களையும் அந்தக் கண்ணோடு மதிப்போம். "பால்வாடி ஆயா" என்று அலட்சியமாகச் சொல்கிறோமே, அவர் கையில்தான் நம் ஊர்ப் பிள்ளைகளின் தொடக்க ஆண்டுகள் இருக்கின்றன.

நம் பங்குக்கு ஒரு கடமை இருக்கிறது. திருமுழுக்கின்போது ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று இருவர் முன்வந்து நிற்கிறீர்கள். சங்கிலி போட்டு, புகைப்படம் எடுத்து, விருந்து உண்டதோடு அது முடிந்துவிடுகிறது. இனி அப்படி வேண்டாம். முதல் மூன்று ஆண்டுகள் மாதம் ஒரு முறையாவது அந்தப் பிள்ளையைப் போய்த் தூக்குங்கள். அந்தத் தாய் ஒரு மணி நேரம் கண் அயரட்டும். அன்பியக் கூட்டங்களில் "இந்தத் தெருவில் கைக்குழந்தை உள்ள வீடு எது? அங்கே கைக்கு உதவி இருக்கிறதா?" என்று கேளுங்கள். திருப்பலியில் குழந்தை அழுதால் திரும்பி முறைக்காதீர்கள். குழந்தைகளைத் தடுத்த சீடர்களிடம் ஆண்டவர் கோபப்பட்டார்; குழந்தைகளையோ அணைத்துக்கொண்டார்.

பெற்ற தாய் மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று எசாயா வழியாகக் கடவுள் நமக்குச் சொல்லியிருக்கிறார். அந்த மறவாத அன்பைப் பேசத் தெரியாத குழந்தைக்கு யார் எடுத்துச் சொல்வது? மறைக்கல்வி வகுப்புக்கு வருமுன்பே, செபம் சொல்லத் தெரியுமுன்பே, அழைத்தால் வருகிற ஒரு முகத்தின் வழியாகத்தான் அது கடவுளை முதன்முதலாக நம்பக் கற்றுக்கொள்கிறது. அந்த முகம் உங்களுடையதாக இருக்கட்டும்.

திருக்குடும்பத்தைக் காத்த இறைவன், நம் இல்லங்களில் வளரும் ஒவ்வொரு பிஞ்சையும், அதைத் தூக்கிச் சுமக்கும் ஒவ்வொரு கையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.